சிலிகோன் ரப்பரும் அதன் வானத் தகுதியும்

விருத்தாசலம் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு முதற்கண் வருவது மணிமுத்தாற்றின் கரையிலுள்ள பழமலைநாதர் திருக்கோயில். அதனையடுத்து வருவது பீங்கான். நவராத்திரிக் கொலுவிற்குரிய பொம்மைகளும், அகல் விளக்குகளும், வீட்டு மின்பலகையிற் பொருத்தும் பியூஸ் கட்டைகளும் அவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளினின்று பல ஊர்களுக்கும் செல்கின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பயிற்றும் கல்விச்சாலையும் ஆங்கு உண்டு. மண்ணைப் பிசைந்து, வடிவங்கொடுத்து, உலர்த்தித் தீயிலிட்டுக் கல்லாக்கும் இத்தொழிலை நம்முள் பலர் நேரிற் கண்டிருப்பர். ஆயினும் ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது பீங்கானை அன்று; அதற்கு உடன்பிறப்பென்று சொல்லத்தக்க சிலிகோன் ரப்பரை.

பீங்கானுக்குப் பெயர்போன ஊரை முன்னிறுத்தி ரப்பரைப்பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணங்கள் இரண்டு உள. முதலாவது, இவ்விரண்டும் ஒரே குடியிற் பிறந்தவை, மணலின் வழித்தோன்றல்கள். இரண்டாவது, பீங்கான் மின்காப்பிகள் நெடுங்காலம் அமர்ந்திருந்த இடங்களுட் பலவற்றைச் சிலிகோன் ரப்பர் இந்நாளிற் கைப்பற்றி வருகின்றது. ஆதலின் பீங்கான் தொழிலை நம்பி வாழ்வோர் இதனை அறியாதிருத்தல் இயலாது. இந்த ரப்பரின் இயல்பை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டின், வானூர்தியிலும் விண்கலத்திலும் இடம்பெறுதற்கு அது கடக்கவேண்டிய சோதனைகளை அறிதலே நல்வழி என்பது நமது கருத்து.

முதலில் உறவுமுறையை ஆராய்வோம். வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் மூன்றையும் உரிய அளவிற் கலந்து, 1,200 டிகிரி சென்டிகிரேடிற்கு மேற்பட்ட சூட்டில் வேகவைத்தால் பீங்கான் உண்டாகின்றது. இம்மூன்று பொருள்களிலும் பெரும்பகுதியாய் அமைந்திருப்பவை சிலிகன் என்னும் மூலகமும் பிராணவாயுவுமேயாம். சிலிகன் அணுவிற்கு நான்கு கைகள் உள என்று உருவகமாகக் கொள்ளலாம். அந்நான்கு கைகளும் நான்கு பிராணவாயு அணுக்களைப் பற்றிநிற்க, ஒவ்வொரு பிராணவாயு அணுவும் மற்றொரு சிலிகனைப் பற்றிநிற்க, இவ்வாறு எப்பக்கமும் பின்னிய வலையே மணலும் குவார்ட்ஸும் ஆகும். இப்பிணைப்பு மிக்க வலிமையுடையது. இதனை அறுப்பதற்கு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 450 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சாதாரண ரப்பர், எண்ணெய், பிளாஸ்டிக் முதலியவற்றின் முதுகெலும்பாகிய கரி அணுக்களின் பிணைப்பை அறுப்பதற்கோ ஏறத்தாழ 350 போதும். பீங்கான் தீக்கும் வெயிலுக்கும் அஞ்சாமைக்குக் காரணம் இதுவே. ஆயின் நாற்புறமும் இறுகப் பின்னிய வலை வளையமாட்டாது. ஆதலின் பீங்கான் கைதவறி விழுந்தால் உடைந்துபோகின்றது.

இவ்வலையைத் தளர்த்திக் கயிறாக்கக்கூடுமாயின் என்ன நிகழும்? சிலிகனின் நான்கு கைகளுள் இரண்டினை மாத்திரம் பிராணவாயுவிற்கு விட்டு, எஞ்சிய இரண்டிலும் மெதில் எனப்படும் சிறு கரித்தொகுதிகளை மாட்டிவிட்டால், வலை நீங்கிச் சங்கிலி பிறக்கின்றது. ஆயிரக்கணக்கான கண்ணிகளையுடைய இச்சங்கிலி வளையும், நெளியும், சுருளும். சங்கிலிகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிந்துவிட்டால், இழுத்தால் நீண்டு விட்டால் மீளும் ரப்பர் கிடைக்கின்றது. அதுவே சிலிகோன் ரப்பர். சிலிகன், சிலிகோன் என்னும் பெயர் வேறுபாட்டைக் கவனித்துக்கொள்க: முன்னது மூலகம்; பின்னது அம்மூலகத்தாலான சங்கிலிப்பொருள். பீங்கானின் வலிய முதுகெலும்பையும் ரப்பரின் மெல்லிய உடலையும் ஒருங்கே பெற்றது இப்பொருள் என்றால் மிகையாகாது.

இதனை ஆக்கும் முறையும் சூளைத்தொழிலை நினைவூட்டுவதே. குவார்ட்ஸைக் கரியோடு சேர்த்து மின்சார உலையில் உருக்கினால் சிலிகன் தனித்து வெளிப்படும். அதனைப் பொடியாக்கி, செம்பை ஊக்கியாகச் சேர்த்து, சுமார் 300 டிகிரி வெப்பத்தில் மெதில் குளோரைடு வாயுவை அதன்மீது செலுத்துவர். விளைந்த திரவங்களைக் காய்ச்சி வடித்துப் பிரித்து, வேண்டியதை நீரோடு சேர்த்தால் சிலிகோன் தோன்றும். அதனை நெடுஞ்சங்கிலியாக்கினால் பிசின் போன்ற பசை கிடைக்கும். அப்பசை தனியே வலுவற்றது. ஆதலின் புகைபோல் நுண்ணிய சிலிகாத் தூளை அதனோடு பிசைவர். மணலிற் பிறந்த பொருளுக்கு மணலே வலிமை தருதலைக் காண்க. பின்னர்ப் பெராக்ஸைடையோ பிளாட்டினச் சேர்மத்தையோ சிறிதளவு கூட்டி, அச்சில் வார்த்துச் சூடாக்கி, சங்கிலிகளிடையே முடிச்சுக்களை உண்டாக்குவர். இறுதியாக 200 டிகிரியளவிற் சில மணிநேரம் அடுப்பில் வைத்து, உள்ளே தங்கிய ஆவிப்பொருள்களை வெளியேற்றுவர். பிசைதல், வார்த்தல், சுடுதல் என்னும் மூன்றும் இரண்டு தொழிலுக்கும் பொதுவாதல் தெளிவு.

இப்பொருளின் வரலாறும் மாணவர் அறிந்துகொள்ளத்தக்கது. இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாமிற் பேராசிரியராயிருந்த பிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங் என்பார், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலிகன் சேர்மங்களை ஆராய்ந்து, சிலிகோன் என்னும் பெயரையும் வழங்கினார். ஆராய்ச்சியில் அடிக்கடி எதிர்ப்பட்ட பிசின் போன்ற பொருள்கள் அவருக்கு இடையூறாகவே தோன்றின. 1937-இல் வெளிவந்த அவரது சொற்பொழிவில், இத்துறையில் விரைவிற் பெரும்பயன் விளையுமென்ற நம்பிக்கை காணப்படவில்லை. மூன்றே ஆண்டுகள் கழிந்து 1940-இல், அமெரிக்காவிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிசாலையில் யூஜின் ரோக்கோ என்பார் மேற்கூறிய செம்பு முறையைக் கண்டுபிடித்தார். கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஜேம்ஸ் பிராங்க்ளின் ஹைடு என்பார் நிகழ்த்திய ஆராய்ச்சியின் பயனாக, 1943-இல் டவ் கார்னிங் என்னும் கூட்டு நிறுவனம் தோன்றிற்று. கண்ணாடித் தொழிலின் மடியிலேயே இந்த ரப்பர் வளர்ந்தது என்பது கருதத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் மின்பொறிக் கம்பிகளில் ஈரம் புகாமற் காத்த சிலிகோன் பசையே இதன் முதற்பயன்களுள் ஒன்று. 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சந்திரனின்மேல் மனிதன் முதலடி வைத்தபோது, அவன் மேற்காலணியின் அடிப்பகுதி சிலிகோன் ரப்பராலேயே அமைந்திருந்தது.

வானம் ஒரு பொருளிடம் வேண்டுவன யாவை? பயணிகளை ஏற்றிச்செல்லும் ஜெட் விமானம் 10 அல்லது 11 கிலோமீட்டர் உயரத்திற் பறக்கின்றது. ஆங்குள்ள காற்றின் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 50 டிகிரியையும் கடந்தது. அதே விமானம் சற்றுமுன் மீனம்பாக்கத்துச் சித்திரை வெயிலில் நின்றிருக்கும். பொறியிலிருந்து சூடான காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களோ 200 டிகிரியளவை எட்டுவன. குமரி மாவட்டத்துத் தோட்டங்களிற் பால்வடித்துப் பெறும் இயற்கை ரப்பர் வலிமையிற் சிறந்தது. விமானச் சக்கரங்களின் டயர்களுக்கு இன்றும் அதுவே முதன்மையானது. ஆயினும் 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நெடுநாள் கிடந்தால் அது கெடும். உயரத்தில் மிகுந்துள்ள ஓசோன் வாயு பட்டாற் பிளவுறும். சிலிகோன் ரப்பரோ பூஜ்யத்திற்குக் கீழ் 55 டிகிரி முதல் மேலே 200 டிகிரிவரை தன் நெகிழ்ச்சியை இழவாது. மெதிற் றொகுதிகளுட் சிலவற்றிற்கு ஈடாகப் பெனில் தொகுதிகளைச் சேர்ப்பின், கீழ் 100 டிகிரியை ஒட்டிய குளிரையும் தாங்கும். ஓசோனும் வெயிலும் அதனை எளிதில் தீண்டமாட்டா. ஆகவே விமானக் கதவுகளையும் சாளரங்களையும் சூழ்ந்த அடைப்புக்களிலும், வெங்காற்றுக் குழாய்களிலும், மின்கம்பி உறைகளிலும் அது இடம்பெற்றுள்ளது.

இத்துணைக் குணங்கள் உடையதாயினும் குற்றமற்ற பொருள் அன்று அது. கூரிய பொருளாற் கீறுண்டால் எளிதிற் கிழியும். பெட்ரோல் முதலிய எரிநெய்களில் ஊறினால் உப்பும். எரிநெய் படும் இடங்களுக்கு, புளோரின் சேர்த்த புளோரோசிலிகோன் என்னும் வேறொரு வகையை நாடவேண்டும். ஆதலின் ‘நல்ல ரப்பர் எது?’ என்னும் வினா பொருளற்றது. ‘எந்த வேலைக்கு நல்லது?’ என்பதே பொருளுடைய வினா. இவ்வினாவிற்கு எழுத்து மூலமாக அளிக்கப்பட்ட விடையே தரவரையறை என்க.

அமெரிக்காவில் 1905-ஆம் ஆண்டு தோன்றிய எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் கழகம், விமானப் பொருள்களுக்கு ஏ.எம்.எஸ். என்னும் வரையறைகளை வெளியிட்டு வருகின்றது. அவற்றுள் 3301 முதல் 3305 வரையுள்ள ஐந்தும் பொதுப் பயனுக்குரிய சிலிகோன் ரப்பரைப் பற்றியன. முதலாவது ஷோர் அளவையில் 40 என்னும் இறுக்கமுடைய மெல்லிய வகை. பின்னவை முறையே 50, 60, 70, 80 என ஏறிச்செல்வன. ஆயினும் இறுக்கத்தை மட்டும் அளந்துவிட்டால் தகுதி கிடைத்துவிடாது. எவ்வளவு இழுத்தால் அறும், அறுமுன் எவ்வளவு நீளும், பன்னாள் வெப்பத்திற் கிடந்தபின் அக்குணங்களில் எவ்வளவு எஞ்சும், கடுங்குளிரில் வளைத்தால் முறியுமா என்று ஒவ்வொன்றாகப் பரீட்சிப்பர்.

அப்பரீட்சைகளுள் ஒன்றை விரித்துக் கூறுவோம். ரப்பர் வில்லையொன்றை, அதன் தடிமனில் நான்கில் ஒரு பங்கு குறையும்படி இரும்புத் தகடுகளிடையே நெருக்கி, வரையறுத்த வெப்பத்தில் 22 மணியோ 70 மணியோ அடுப்பில் வைப்பர். பின்னர் விடுவித்து, அரைமணி நேரம் ஆறவிட்டுத் தடிமனை அளப்பர். நெருக்கிய அளவில் எவ்வளவு மீளாமல் நின்றுவிட்டது என்பதே அதன் குற்ற அளவு. அடைப்பாகப் பயன்படும் ரப்பரின் உயிர் இந்த மீட்சியிலேயே உள்ளது. மீளாத ரப்பர் இடைவெளியை அடைக்கமாட்டாது. தீயைப் பற்றிய சோதனையும் உண்டு. பயணிகள் அறையிலுள்ள சில ரப்பர் உறுப்புக்களில் கிடையாகத் தீ பரவும் வேகம் நிமிடத்திற்கு இரண்டரை அங்குலத்தை மீறலாகாது என்பது விதி. சிலிகோன் எரிந்தால் எஞ்சுவது வெண்ணிறச் சிலிகாச் சாம்பல். அது மின்சாரத்தைக் கடத்தாது. ரப்பர் தீயிற்பட்டபோது தன் மூத்த குலமாகிய மண்ணினத்திற்கே திரும்பிவிடுகின்றது. இவ்வியல்பைக் கொண்டே, தீப்பற்றியபின்னும் சிறிதுநேரம் மின்சாரத்தைத் தடையின்றிக் கொண்டுசெல்லும் கம்பிகளை ஆக்குகின்றனர்.

விண்வெளிக்குச் செல்லும் ரப்பருக்கு மேலுமொரு சோதனை உண்டு. இதனிடத்தேதான் ஒரு குணமே குற்றமாக மாறுதலைக் காண்கின்றோம். சிலிகோன் ரப்பரினுள் முடிச்சுட் படாத குறுஞ்சங்கிலிகள் சில எப்போதும் தங்கியிருக்கும். மின்கோபுரத்துக் காப்பிகளில் இவை பெருநன்மை செய்கின்றன. எங்ஙனமெனின், மேற்பரப்பிற் புழுதியும் கடலுப்பும் படிந்தாலும், இக்குறுஞ்சங்கிலிகள் உள்ளிருந்து கசிந்து அப்படிவைப் போர்த்து, மழைநீர் பரவாமல் முத்துமுத்தாக உருண்டோடும்படி செய்கின்றன. ஆயின் காற்றற்ற விண்வெளியில் அவையே ஆவியாய்ப் புறப்பட்டு, குளிர்ந்த கண்ணாடி வில்லைகளின்மீதும் சூரியப் பலகைகளின்மீதும் படிந்து அவற்றை மங்கச்செய்யும். கலத்தைப் பழுதுபார்க்க அங்கு எவர் செல்வார்? ஆதலின் ரப்பரை வெற்றிடத்தில் 125 டிகிரி வெப்பத்தில் 24 மணிநேரம் வைத்துப் பார்ப்பர். மொத்த எடையில் 1 சதவீதத்திற்கு மேற்படக் குறையலாகாது. எதிரே 25 டிகிரியில் வைத்த தகட்டின்மேல் 0.1 சதவீதத்திற்கு மேற்படப் படியலாகாது. ஆகவே கோபுரத்திற் புகழப்பட்ட ரப்பர் விண்கலத்தில் விலக்கப்படும். விண்கலத்திற்கென்று கசிவு நீக்கிய ரப்பர் கோபுரத்திற்கு அத்துணைச் சிறந்ததாகாது. பொருளின் தகுதி இடத்தாலும் பணியாலும் வரையறுக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சோதித்த எல்லையை மீறினால் விளைவது யாது என்பதை உலகம் ஒருமுறை கண்ணீரோடு கற்றது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் நாள், அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளிற் சிதைந்தது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். பக்கத்து ராக்கெட்டின் இணைப்பில், ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ரப்பர் வளையம், அன்று காலைக் கடுங்குளிரில் உடனே மீளாமல் நின்றுவிட்டதால், வெந்தழல் வெளிப்பட்டதே காரணம். குளிரைப்பற்றிப் பொறியாளர் சிலர் முன்னாளிரவே எச்சரித்திருந்தனர். அவர் சொல் ஏற்கப்படவில்லை. பின்னர் நிகழ்ந்த விசாரணையில் ரிச்சர்ட் பெயின்மன் என்னும் பௌதிக அறிஞர், அத்தகைய ரப்பர்த் துண்டொன்றைக் கவ்வியால் நெருக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு, எடுத்தபின் அது உடனே மீளாமையை யாவருங் காணச் செய்தார். அவ்வளையம் சிலிகோனாலானதன்று, புளோரோகார்பன் ரப்பராலானது. வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்குவதிற் சிறந்த ரப்பர்தான் அது. சிலிகோனை இட்டிருந்தால் எல்லாம் நன்றாய் முடிந்திருக்கும் என்று எளிதில் முடிவுகட்டுதலும் பொருந்தாது. ஏனெனில் அதற்கும் அதற்குரிய குற்றங்கள் உள. பொருள் நல்லதாயினும், சோதிக்கப்படாத நிலையில் அதனை நம்பியதே அழிவுக்கு வழியாயிற்று.

இனிப் பீங்கானினமும் சிலிகோனும் கைகோத்து நின்ற காட்சியொன்றைக் கூறுவோம். 1981 முதல் 2011 வரை பறந்த அவ்வமெரிக்க விண்ணோடங்கள், வானிலிருந்து திரும்புகையில் எழும் வெப்பத்தைத் தாங்கும்பொருட்டு, ஒவ்வொன்றும் 20,000-க்கு மேற்பட்ட சிலிகா ஓடுகளைப் போர்த்திருந்தன. தூய சிலிகா இழைகளாலாகிய அவ்வோடுகள் 1,260 டிகிரி வெப்பத்தையும் பொறுத்தன. ஆயின் அடியிலிருந்த அலுமினிய உடல் வெப்பத்தில் விரியும், பளுவில் வளையும். ஓடோ விரியாது, வளையாது. இரண்டையும் இறுகிய சாந்தினால் ஒட்டினால் ஓடு வெடித்துவிடும். ஆதலின் ஓட்டிற்கும் உடலுக்கும் இடையே மெத்தைபோன்ற துணியை வைத்து, அதன் இருபுறத்தையும் சிலிகோன் ரப்பர்ப் பசையால் ஒட்டினர். அண்ணன் வெப்பத்தைத் தாங்க, தம்பி அசைவைத் தாங்கினான். நம் நாட்டிலும் 2007-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பப்பெற்று, 22-ஆம் நாள் வங்காள விரிகுடாவில் மீட்கப்பெற்ற மீட்புக் கலம், இந்நாட்டிலேயே ஆக்கிய சிலிகா ஓடுகளைப் போர்த்தே திரும்பிற்று. பீங்கான் கலை பொம்மையோடும் கோப்பையோடும் முடிந்துவிடுவதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

மீண்டும் பீங்கானூர்க்கு வருவோம். இருப்புப்பாதையின் மின்கம்பிகளை அண்ணாந்து நோக்குவார்க்கு, பழுப்பு நிறப் பீங்கான் காப்பிகளும், கண்ணாடியிழைத் தண்டின்மேல் சிலிகோன் குடைகள் கோத்த காப்பிகளும் ஆகிய இருவகையும் இந்நாளிற் புலப்படும். பின்னவை எடையிற் குறைந்தவை, கல்லெறியால் நொறுங்காதவை, கடலோரத்து உப்புக்காற்றிலும் நன்கு உழைப்பவை. இதனைக் கண்டு பீங்கானின் காலம் முடிந்ததென்று கருதவேண்டா. வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு நின்றும் மூப்படையாமை பீங்கானுக்கே உரிய சிறப்பு. சிலிகோன் காப்பியின் உறை எங்கேனும் பிளந்து ஈரம் உட்புகுந்தால் தண்டே முறிதலும் உண்டு. இரண்டிற்கும் இடமுண்டு, எவ்விடத்திற்கு எது என்று சொல்லவல்ல அறிவே இப்போது வேண்டப்படுவது.

அவ்வறிவு நம் இளைஞர்க்கு எட்டாததன்று. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழிற் பெருவழி சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து இடங்களை நடுவாகக் கொண்டது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் குலசேகரபட்டினத்தில் புதிய ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இவற்றிற்கு வேண்டிய சிறு உறுப்புக்களை ஆக்க விரும்புவோர்க்கு முதற்றேவை பெருஞ்சூளையோ பெருமுதலோ அன்று. எழுதி வைக்கும் பழக்கமே. எந்த மூட்டைப் பொருள், எந்நாள் பிசைந்தது, எவ்வளவு வெப்பத்தில் எத்துணை நேரம் இருந்தது, எந்தச் சோதனையில் என்ன எண் கிடைத்தது என்று ஒவ்வொரு தொகுதிக்கும் குறிப்பு வைத்தல் வேண்டும். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் ஓர் அடைப்பு பழுதுற்றால், அது பிறந்த நாளையும் பிறந்த அடுப்பையும் தேடிக் காணக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்பதே வானத்துறையின் விதி. சூளையின் நிறத்தைக் கண்ணாற் கண்டே சூட்டை அறியும் முதியோரின் கைப்பழக்கம் போற்றத்தக்கது; அதனை எண்ணாகவும் எழுத்தாகவும் மாற்றிப் பிறர்க்கும் நிலைநிறுத்துவதே கற்றோர் கடன்.

கல்லூரியில் இரசாயனமும் பௌதிகமும் பயிலும் மாணவ நண்பர்காள்! சோதனைக்கூடத்தில் நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் மதிப்பெண்ணிற்காக மாத்திரம் எழுதப்படுவதன்று. கிடைத்த எண் வேண்டிய எண்ணோடு ஒவ்வாதபோது, அதனைத் திருத்தாமல் உள்ளவாறே எழுதும் துணிவு ஒருவர்க்கு இருக்குமாயின், அவர் கையினின்று செல்லும் ஒரு சிறு ரப்பர் வளையத்தை நம்பிப் பலர் வானிற் செல்லலாம். அத்துணிவைக் கொடுப்பது கல்வியின் பயன். அதனைக் காப்பது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.